நாளைக் காலை வரை தொடாதீங்க

எஞ்சின் மூடியைத் திறந்தால்
முதலில் பார்ப்பதில்லை, தொடுவேன்.
தோசைக்கல் காய்ந்ததா என்று கை காட்டுவதுபோல.

சூடு.

"இண்டைக்கு ஸ்டாட் பண்ணினீங்களா?"
"இல்ல மிஸ்" என்கிறார் ஜௌபர்,
துடைத்த கையையே மறுபடி சாரத்தில் துடைத்தபடி.

ஒலுவில் துறைமுகம், பகல் பதினொரு மணி.
முப்பத்தெட்டு லட்சம் கேட்கிறார்.
அந்த எண் நிற்குமா என்று பார்த்து எழுத
லீசிங் கம்பனி என்னை அனுப்பியிருக்கிறது.

நான்கு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு,
வெள்ளைக்காரருக்கென்று கட்டிய குளியலறை.
அதற்குள் இப்போது வெங்காய மூட்டை.
அறுகம்பை வரை டொல்பின் காட்டப் போன படகு.
ஆறு சிலிண்டர் டீசல்,
ஜப்பானில் ஒரு முறையும் இங்கே ஒரு முறையும் பிறந்தது.
மணிமானி 4312 இல் நிற்கிறது.
நிற்கிறது என்றால், நின்றேவிட்டது.
எலி வயரைக் கடித்ததாம்.
எங்கே கடிக்க வேண்டும் என்று
எலிக்கும் தெரிந்திருக்கிறது.

தரைப்பலகையைக் கழற்றி உள்ளே இறங்கி
ஐந்து ரூபாய்க் குத்தியால் தட்டிக்கொண்டு போகிறேன்.
டிங்.
டிங். டிங்.
மூன்றாவது சட்டம் தாண்டியதும்
தொப்.
பலாப்பழம் தட்டி வாங்கத் தெரிந்தவளுக்கு
ஃபைபரைத் தட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தரை தட்டினதா?"

அவர் கடலைப் பார்க்கிறார்.
நானும் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறேன்.
துறைமுகத்தின் வாய் முழுக்க மணல்.
முழங்கால் தண்ணீரில் இரண்டு பொடியன்கள்
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்கிறார்கள்.
ஒருவன் கையில் பந்து.

"தட்டினது மிஸ். வெளிய போகக்குள்ள இல்ல,
உள்ள வரக்குள்ள.
வந்த பிறகு போகவே இல்ல."

நீளம், அகலம், குதிரைவலு, கட்டிய வருடம்.
கடலோட்டப் பரிசோதனை: ஆம் / இல்லை.
கடல் அங்கே இருக்கிறது, படகு இங்கே இருக்கிறது,
பேனை நடுவில் இருக்கிறது.

"சூடான எஞ்சினுக்கு நான் விலை சொல்றதில்ல.
காலைல ஆறு மணிக்கு வாறன்.
அதுவரைக்கும் தொடாதீங்க."

சூட்டில் எந்த டீசலும் நல்ல டீசல்தான்.
குளிரில்தான் தேய்ந்த வளையங்கள் இருமும்.

விடிய வந்தபோது
ஜெட்டியில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
எனக்குக் காவலா, எஞ்சினுக்கா, கேட்கவில்லை.
புறங்கையை வைத்தேன்:
இரும்பின் சொந்தக் குளிர்.

சாவியைத் திருப்பினார். உறுமி அடங்கியது.
மறுபடி. வெறும் சுழற்சி.
என் முகத்தைப் பார்க்காமல்
மணிமானியைப் பார்த்துச் சொன்னார்:
"விடிய எழும்ப மனமில்லாத ஆள் மிஸ் இது.
அதான் ஆக்கள் வாற நேரம்
நான் முந்தி எழுப்பி வைக்கிற."

நேற்றைய 'இல்ல'
இப்படித்தான் என்னிடம் திரும்பி வந்தது.

மூன்றாம் முறை பிடித்தது.
வெள்ளைப் புகை. நான் எண்ணத் தொடங்கினேன்.
நாற்பதில் சாம்பல், எழுபதில் நிறமே இல்லை.
மோசமில்லை. நல்லது என்றும் சொல்ல முடியாது.

துறைமுகத்துக்குள்ளேயே மூன்று சுற்று.
மூன்றாவதில் வாய்ப்பக்கம் திரும்பும்போது
சுக்கானில் அவர் கை
ஒரு கணம் முறிக்க மறந்து நேரே போனது.
பிறகு முறித்தார்.
அடியில் மணல் கலங்கி மஞ்சளாய் எழுந்தது.

இருபத்து மூன்று லட்சம் என்று எழுதினேன்.
பக்கத்தில், மணல் அள்ளினால்.
கம்பனி நிபந்தனை ஏற்காது,
அதனால் 'மணல் அள்ளினால்' என்பதை வெட்டினேன்.
இருபத்து மூன்றை வெட்டவில்லை.
காட்டக் கூடாது, காட்டினேன்.

நெடுநேரம் வாசித்தார், ஒரேயொரு எண்ணை.
"தொப் எண்டு கேட்டுச்சே,
அதுக்கு எத்தின குறைச்சீங்க?"
"மூண்டு."
"அந்தச் சூட்டுக்கு?"

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
"நிப்பாட்டுங்க" என்றேன், "டீசல் போகுது."